முதல் நாளே தெரியும்

மார்ச் 4

தம்பிக்கு,

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ நடுவில் புகுந்து பேசுவாய். தேவைப்பட்டால் குரல் உடைந்து அழவும் செய்வாய், உனக்கு அது நன்றாக வரும். தாளில் எழுதினால் நான் முடிக்கிற வரைக்கும் நீ வாயை மூடிக்கொண்டிருந்தாக வேண்டும். நீயும் பதிலைத் தாளிலேயே எழுது.

உன் படத்தைப் பார்த்துவிட்டேன். நீ அனுப்பிய முதல் நாள் டிக்கெட்டுகள் ஃப்ரிட்ஜ் மேலேயே கிடந்து வீணாய்ப் போயின. அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு வேலை. நேற்று, எங்களுக்குப் பல் செட் வேலை அனுப்புகிற டாக்டர் ஒருவர், "ஏம்மா, உங்க தொழிலை வச்சே ஒரு படம் வந்திருக்காமே, பார்த்தீங்களா?" என்று கேட்டார். மதியக் காட்சிக்குப் போனேன்.

கதாநாயகி பல் செட் செய்கிறவள். நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. நாற்பத்தொன்று என்று நம்புவதற்காக அந்த இருபத்தெட்டு வயதுப் பெண்ணின் காதோரம் ரெண்டு வெள்ளை முடி ஒட்டியிருந்தீர்கள். அவளுடைய லேபில் பல் சுடுகிற சூளை பழுதாகிறது. மெஷின்காரர் ஒருவர் வருகிறார். மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது என்கிறார். மறுபடி வருகிறார், பழுது இல்லாத நாளிலும் வருகிறார். இடைவேளையில் அவருக்கு மனைவியும் மகளும் உயிரோடு இருப்பது தெரிகிறது. அது வரைக்கும் என் கதை. அதற்குப் பிறகு உன் மூளை. அவள் ஒரு பல் கேப்புக்குள் விஷத்தை வைத்துச் சுட்டு, தானே அவர் வாயில் பொருத்துகிறாள். அவர் துடிக்கும்போது காதோரம் குனிந்து, "எனக்கு முதல் நாளே தெரியும்" என்கிறாள். தியேட்டரே எழுந்து நின்று கைதட்டியது.

பல் கேப்பை எழுநூறு எண்ணூறு டிகிரியில் சுடுவோம். அந்தச் சூட்டில் எந்த விஷமும் விஷமாக இருக்காது, கரியாகத்தான் இருக்கும். என் லேபில் ஒரு வாரம் உட்கார்ந்து குறிப்பெடுத்தாயே, அதில் இதைக் கேட்கத் தோன்றவில்லையா?

விஷம் போகட்டும். படத்தில் அந்தப் பெண் கண்ணாடி முன்னால் நின்று, "அவர் வர்ற நாள்ல மட்டும் லேப்ல பல் செய்யற பவுடர் வாசனையே தெரியல" என்று சொல்கிறாள். அதை உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தேன். போன வருஷத்துக்கு முந்தின நவம்பரில், அந்த ஆளுக்குக் குடும்பம் இருக்கிறது என்று நீ வந்து சொன்ன அன்று, அழுதுகொண்டே சொன்னேன். பதினோரு மாதம் அவரை நம்பியிருந்த என்னை நீதான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். இவன் ஒருத்தனாவது இருக்கிறானே என்று நினைத்தேன். நேற்று அந்த வசனத்துக்குத் தியேட்டர் சிரித்தது, தம்பி. எனக்கு முன்வரிசையில் ஒருத்தர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்து இன்னொரு முறை சிரித்தார்.

இனி உன்னிடம் எதையும் சொல்வதாக இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உனக்குப் படம் பார்க்கத் தெரியாது என்பதுதான் மூன்று முறையும் எனக்குப் புரிந்தது. கோபித்துக்கொள்ளாதே. உனக்குப் பல்லைப் பார்க்கத் தெரியும், எனக்குத் தெரியாது. அந்த மாதிரிதான் இதுவும்.

எழுநூறு டிகிரியாம். தியேட்டரில் உட்கார்ந்திருக்கிறவன் கையில் தெர்மாமீட்டரா இருக்கிறது? அவன் ஏமாறுவதற்காகவே வருகிறான். ஆனால் நயமாக ஏமாற்ற வேண்டும். காதலைக் காட்டி உட்கார வைத்து, துரோகத்தைக் காட்டி எழுப்பி, கடைசியில் அவன் பார்த்ததெல்லாம் வேறு என்று சொல்ல வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் இந்தத் தொழிலில் நாலைந்து பேர். அதில் உன் தம்பி ஒருத்தன். டாக்டருக்குச் சொல், பெருமையாகச் சொல்.

உன் கதையைத் திருடிவிட்டேன் என்கிறாய். நிஜத்தில் நீ என்ன செய்தாய்? அந்த ஆள் வந்து நின்றபோது கதவைச் சாத்திவிட்டு ஒரு வாரம் சாப்பிடாமல் படுத்திருந்தாய். அதைப் படமாக எடுத்தால் யார் பார்ப்பார்கள்? நான் உனக்கு ஒரு வெற்றியைக் கொடுத்தேன், அக்கா. ஏமாந்தவளை எல்லாம் தெரிந்தவளாக மாற்றினேன். ஊர் முழுக்க உனக்காகக் கைதட்டுகிறார்கள். நீ முன்வரிசைக்காரன் சிரித்ததை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்.

திரைக்கதையை நீ கவனிக்கவே இல்லை என்று தெரிகிறது. ஆரம்பத்தில் ஒரு சின்னப் பெண் அம்மாவோடு பல் காட்ட வருவாளே, நினைவிருக்கிறதா? திக்கித் திக்கிப் பேசுவாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் மேஜையை மூன்று முறை விரலால் தட்டுவாள். "அப்பாவும் இப்படித்தான் தட்டுவார்" என்பாள். பிறகு மெஷின்காரர் முதன்முதலில் வந்து நிற்கும்போது அவரும் மூன்று முறை தட்டுவார். அங்கேயே நாயகிக்குத் தெரிந்துவிடுகிறது, இவர் அந்தப் பெண்ணின் அப்பா என்று. பார்க்கிறவனுக்குக் கடைசியில்தான் பொறி தட்டும். நான்கு நிமிடக் காட்சி. மொத்தப் படமும் அதன் தலையில் நிற்கிறது. விமர்சனம் எழுதிய எல்லோரும் அந்தக் குழந்தையைத்தான் புகழ்ந்தார்கள். இப்படி ஒன்றை எங்கிருந்து பிடித்தீர்கள் என்று கேட்காத ஆள் இல்லை.

கோபம் ஆறியதும் இன்னொரு முறை பார். இந்த முறை ரசிகையாகப் பார்.

உன் தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

இப்படி ஒன்றை எங்கிருந்து பிடித்தாய் என்று எனக்கும் தெரிந்துவிட்டது.

போன திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு லேப் வாசலில் ஒரு பெண்மணி வந்து நின்றார். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவர், சட்டையில் அட்டை தொங்கியது. பல் செட் சம்பந்தமாக என்று நினைத்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "மெஷின் ரிப்பேர் பண்றவரோட வீட்டுக்காரி நான்" என்றார்.

என் கையில் மெழுகுக் கத்தி இருந்தது. கீழே வைத்தேன். அதை வைக்கும் வரைக்கும் அவர் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், வாங்கினார், குடிக்கவில்லை. தம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஏன் என்று எனக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. உன் படத்தில் நான் விஷம் வைக்கிறவள் அல்லவா. "வெறும் தண்ணிதாங்க" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. பிறகு குடித்தார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ எழுதினால் முன்பின்னாக மாற்றிவிடுவாய்.

அவர்களுக்கு ஒரே மகள், பதினொரு வயது. திக்கிப் பேசுவாள். பேச வராதபோது மேஜையை மூன்று முறை தட்டிக்கொள்வாள், அப்படிச் செய்தால் வார்த்தை வந்துவிடும் என்று பேச்சுப் பயிற்சி டீச்சர் சொல்லிக்கொடுத்தது. படம் வந்த இரண்டாவது வாரம், வகுப்பில் அவள் பதில் சொல்ல எழுந்ததும் பின்வரிசையில் யாரோ டெஸ்கைத் தட்டியிருக்கிறார்கள். மறுநாள் வகுப்பு முழுக்கத் தட்டியிருக்கிறது. இப்போது அவள் பள்ளியில் வாயைத் திறப்பதில்லை. கழிப்பறைக்குப் போகவேண்டும் என்றால்கூடச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறாள்.

என்ன நடக்கிறது என்று புரியாமல்தான் அவர் படத்துக்குப் போயிருக்கிறார். திரையில் வந்த குழந்தை அவருடைய குழந்தை. பேர் மட்டும் வேறு. கூட வரும் அம்மா பேசுவது அவர் தன் வீட்டில் சொன்ன வார்த்தைகள். வெளியே வந்து சுவரொட்டியைப் பார்த்தால் உன் முகம்.

"உங்க தம்பி எங்க வீட்டுல சாப்பிட்டிருக்கார்ங்க. ஏழெட்டு ஞாயித்துக்கிழமை. எங்க வீட்டுக்காரரோட ஃபிரெண்டு, கதை எழுதுறவர்னு சொன்னாங்க. என் பொண்ணோட தரையில உக்காந்து பந்து உருட்டி விளையாடினார். தினம் ஐநூறு பேர் முகத்தைக் கவுன்ட்டர்ல பார்க்கிறேன், என் வீட்டுக்குள்ள உக்காந்திருந்தவர் முகம் எனக்குத் தெரியல" என்றார்.

நான் எப்போது என்று கேட்டேன். ஜூன் கடைசியிலிருந்து நவம்பர் வரைக்கும் என்றார். எந்த வருஷம் என்று கேட்டேன். அதையும் சொன்னார்.

அந்த ஜூனில் மெஷின்காரர் என் லேபுக்கு வர ஆரம்பித்து ஆறாவது மாதம். நீ என்னிடம் வந்து சொன்னது நவம்பரில்.

இன்னொன்றும் சொன்னார். படம் பார்த்துவிட்டு வந்து வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கியதில் அவர் எல்லாவற்றையும் கக்கியிருக்கிறார். ஆகஸ்டிலேயே என்னிடம் உண்மையைச் சொல்லி முடித்துக்கொள்ள நினைத்தாராம். நீ அவரை ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போய், "அவசரப்படாதீங்க, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்று சொன்னாயாம்.

அந்த ஆள் பொய் சொல்லிப் பிழைத்தவர். அவர் பேச்சை வைத்து உன்னைத் தண்டிக்க மாட்டேன். அதனால் உன்னிடமே கேட்கிறேன். உண்மையா, இல்லையா? ஒரு வார்த்தை போதும். திரைக்கதை வேண்டாம்.

அக்கா


மார்ச் 27

அக்கா,

உண்மைதான்.

நீ ஒரு வார்த்தை கேட்டாய், எழுதிவிட்டேன். ஆனால் இதோடு நிறுத்தினால் நான் ராட்சசன் மாதிரித் தெரிவேன், அதனால் மீதியையும் சொல்லிவிடுகிறேன். படிக்காமல் கிழித்துவிடாதே.

அந்த ஜூனில் ஒரு படப்பிடிப்புக்கு இடம் பார்க்கப் போயிருந்தேன். ஒரு செருப்புக் கடையில் அந்த ஆளைப் பார்த்தேன். பக்கத்தில் மனைவி. மகளுக்குப் பள்ளி ஷூ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், மண்டியிட்டு, நாடா கட்டிவிட்டு. உன் லேபில் எனக்குக் கைகொடுத்து, தனிக்கட்டை என்று பெருமூச்சு விட்ட அதே ஆள். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை. வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே உனக்குச் சொல்லத்தான் நினைத்தேன். சத்தியமாக. பஸ் ஏறுவதற்குள் சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன்.

அப்போது என் நிலைமை உனக்குத் தெரியும். இரண்டு படம் தொடர்ந்து படுத்துவிட்டது. பழைய ஆட்கள் எதிரில் வந்தால் அடுத்த தெருவில் திரும்பிவிடுவார்கள். ஒன்றரை வருஷமாக ஒரு வரி எழுதவில்லை. அந்த ஆள் பேச ஆரம்பித்தார். ஒரே சட்டையை இரண்டு வீட்டுக்கும் எப்படிப் போட்டுப் போகிறார், எந்தப் பொய்யை எங்கே சொன்னோம் என்று எப்படி நினைவு வைத்துக்கொள்கிறார் என்று எல்லாம் சொன்னார். கேட்கக் கேட்க எனக்குள் ஏதோ திறந்துகொண்டது. ஒரு வாரம் கேட்போம், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு வாரம் ஒரு மாதம் ஆனது.

டீக்கடையில் பேசியதும் உண்மை. ஆனால் அது உனக்காகத்தான். அவர் உளறிக்கொட்டி உன்னை உடைத்துவிடுவார், நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்று

இல்லை. அப்படி இல்லை. முடிவு எனக்குக் கிடைத்திருக்கவில்லை, அதனால் சொன்னேன். இதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஆனால் ஒன்று நினைத்துப் பார். நான் ஏமாற்றவில்லை. ஏமாற்றியது அவர். நான் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அவசர விஷயம். அந்த அம்மா தயாரிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். குழந்தையின் காட்சியை எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் புகார் கொடுப்பேன் என்று. நாயகியின் கதை உன்னுடையது என்பதையும் அதில் எழுதியிருக்கிறார். தயாரிப்பாளர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். எல்லாம் கற்பனை என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் அந்தப் பல் லேப்காரப் பெண்மணியிடம் எழுதி வாங்கிக்கொண்டு வா என்கிறார். இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். 'இப்படத்தின் கதைக்கும் என் வாழ்க்கைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, என் வாழ்க்கையைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை' என்று இருக்கும். கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பு. உன் கையெழுத்து இருந்தால் அந்த அம்மாவின் கடிதம் நிற்காது. அடுத்த படத்துக்குத் தயாரிப்பாளர் பச்சைக்கொடி காட்டியிருக்கிற நேரம், அக்கா. இது கெட்டால் நான் திரும்ப எழமாட்டேன்.

தம்பி


ஏப்ரல் 2

இயக்குநர் அவர்களுக்கு,

வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன் என்கிறாய். நீ பார்த்துக்கொண்டிருந்த அந்த ஐந்து மாதத்தில் நான் என்னென்ன செய்தேன் என்று உனக்கே தெரியும். ஜூலையில் வீட்டு முன்னறைக்குப் பெயின்ட் அடித்தேன், அவருக்குப் பச்சை பிடிக்கும் என்று. ஏணியைப் பிடித்தது நீ. செப்டம்பரில் அம்மாவிடம் அவரைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது என்று உன்னிடம்தான் யோசனை கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாய். அக்டோபரில் நாற்பத்தொரு வயதில் குழந்தை பெற முடியுமா என்று டாக்டரைப் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்?

அந்த ஆளை நான் வெறுத்து முடித்துவிட்டேன். அவர் பொய் சொன்னார், ஆனால் சொல்லும்போது பயந்தார். உன்னிடம் பயம்கூட இல்லை. உன்னைப் பார்த்தால் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அருவருப்பாக இருக்கிறது.

தாளைப் படித்தேன். என் வாழ்க்கையைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை என்று நான் எழுதித் தரவேண்டுமாம். யாரிடம் சொன்னேனோ அவனே அதைக் கேட்கிறான்.

ஆனாலும் போடுகிறேன். நீ எனக்குச் செய்ததற்கு நியாயம் கேட்டு நான் எங்கேயும் போகமாட்டேன், அந்த அளவுக்கு நீ எனக்கு முக்கியம் இல்லை. ஒரே நிபந்தனை. குழந்தை வரும் நான்கு நிமிடத்தையும் வெட்டி எடு. அவளைப் பற்றி யாரும் எதிலும் பேசக்கூடாது. அந்தக் குழந்தை யாரையும் ஏமாற்றவில்லை, யாராலும் ஏமாறவும் இல்லை. தரையில் உட்கார்ந்து உன்னோடு பந்து விளையாடினாள், அவ்வளவுதான்.

வெட்டியதும் சொல். கையெழுத்து வரும்.


ஏப்ரல் 6

அக்கா,

நீ கேட்பது என்ன என்று உனக்கே தெரியவில்லை.

வேறு எதை வேண்டுமானாலும் கேள். பாட்டை எடுக்கச் சொல், எடுக்கிறேன். பவுடர் வாசனை வசனத்தை எடுத்துவிடுகிறேன், அது உன்னைத்தானே புண்படுத்தியது? விஷத்தைத் தூக்கமாத்திரையாக மாற்றச் சொன்னாலும் மாற்றுகிறேன். அந்த நான்கு நிமிடத்தைத் தொடமுடியாது. அது போனால் அவளுக்கு முதல் நாளே எப்படித் தெரியும்? கடைசியில் அவள் சொல்லும்போது தியேட்டரில் ஒவ்வொருத்தனும் கேட்பான், எப்படி, எப்படி என்று. பதில் இல்லாவிட்டால் படம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். இரண்டு வருஷம் அந்த முடிச்சுக்காக என் நகத்தைக் கடித்துத் துப்பியிருக்கிறேன். நீ பல்லில் ஒரு ஓரத்தைத் தேய்த்துவிடுவது போல எடு என்கிறாய்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எதையாவது பிடித்துக்கொண்டு கிண்டல் செய்யும். இரண்டு மாதத்தில் வேறு படம் வரும், மறந்துவிடும். என்னையும்தானே படிக்கும்போது காதைச் சொல்லிக் கிண்டல் செய்தார்கள், நான் செத்தா போய்விட்டேன்?

அந்த அம்மாவுக்கு வேண்டியது காட்சி இல்லை. புருஷன் ஏமாற்றிய ஆத்திரம், யார் மேலாவது கொட்டவேண்டும். நீயும் அவருடன் சேர்ந்துகொண்டு ஆடுகிறாய். ஒரே ஆளிடம் ஏமாந்த இரண்டு பேரும் கூட்டணி. நல்ல ஜோடி. எழுதியிருந்தால்கூட யாரும் நம்பமாட்டார்கள்.

கடைசியாகக் கேட்கிறேன். அம்மாவை நினைத்துப் பார். நான் விழுந்தால் அம்மா தாங்கமாட்டாள். தாளை இந்த வாரத்துக்குள் அனுப்பு.

தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

தாளை அனுப்பவில்லை. அது இனித் தேவைப்படாது என்று உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். எப்படி நடந்தது என்று மற்றவர்கள் உனக்குப் பல விதமாகச் சொல்லியிருப்பார்கள். நடந்தது இதுதான்.

பத்தாம் தேதி நானும் அந்த அம்மாவும் தயாரிப்பாளரின் அலுவலகத்துக்குப் போனோம். உன் கடிதங்களை எடுத்துப் போகவில்லை. வக்கீல் இல்லை, பத்திரிகைக்காரர் இல்லை. வரவேற்பில் இருந்த பெண் யார் வந்திருப்பதாகச் சொல்லட்டும் என்று கேட்டாள். "படத்துல வர்றவங்க" என்று அந்த அம்மா சொன்னார். ஐந்து நிமிஷத்தில் உள்ளே கூப்பிட்டார்கள்.

தயாரிப்பாளர் நல்ல மனிதரா கெட்டவரா என்று தெரியவில்லை. அவசரமான மனிதர். நான் என் பங்கைச் சொன்னேன், ஐந்து மாதத்தையும் சேர்த்து. அவர் நிமிர்ந்து பார்த்தது அந்த இடத்தில் மட்டும்தான். பிறகு அந்த அம்மா மகளைப் பற்றிச் சொன்னார். கழிப்பறைச் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பென்சிலில் எழுதி நாலாக மடித்தது. அவர் அதைப் பிரித்துப் படித்தார், மறுபடியும் அதே மடிப்பில் மடித்துக் கொடுத்தார். "எத்தனை நிமிஷம்?" என்று கேட்டார். நான்கு என்றேன். எடிட்டருக்குப் போன் போட்டு எங்கள் முன்னாலேயே பேசினார். மறுமுனையில் எடிட்டர் டைரக்டரைக் கேட்க வேண்டாமா என்று கேட்டிருக்கவேண்டும். "அவரைக் கேட்கிற கட்டம் தாண்டிருச்சு" என்று சொல்லி வைத்துவிட்டார். அவ்வளவுதான். உன்னுடைய அடுத்த படத்தைப் பற்றி அவர் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அம்மாவை நினைத்துப் பார் என்று எழுதியிருந்தாய். நினைத்தேன். முன்னறையில் உட்காரவைத்து மெஷின்காரர் முதல் டீக்கடை வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் அவரைப் பற்றி இரண்டு வருஷமாக மறைத்ததற்கு முதலில் என்னைத் திட்டினாள். அதற்குப் பிறகு பேச்சு உன்னிடம் வந்தது. "அவன் சின்ன வயசுல எறும்பைக் கண்ணாடி டம்ளர்ல போட்டு மூடி வச்சுப் பார்த்துட்டு இருப்பான். அறிவுக் கொழுந்துன்னு நினைச்சேன்" என்றாள். நீ ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் போனில் சொன்னாயாம். வரட்டும், எனக்கு அவன்கிட்ட பேச வேண்டியது இருக்கு என்றாள். வா. நான் அன்றைக்கு லேபில் இருப்பேன்.

மெஷின்காரர் இப்போது அவருடைய அண்ணன் வீட்டில் இருக்கிறார். அந்த அம்மா அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்வாரா என்று தெரியாது, அது எங்கள் பேச்சில் வருவதில்லை. மகள் இன்னும் வகுப்பில் பேசவில்லை. தலைமை ஆசிரியை வகுப்புக்கே வந்து பேசியதில் தட்டுவது பெரும்பாலும் நின்றிருக்கிறது, இரண்டு பேர் மட்டும் இன்னும் செய்கிறார்களாம். வீட்டில் பேசுகிறாள். என் லேபுக்கு ஒரு நாள் வந்தாள், பல் செட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதன் வாயைத் திறந்து மூடிப் பேசவைத்தாள். அது திக்காமல் பேசியது. இதை எங்கேயாவது எழுதினாயோ, நானே வந்து உன் கையை உடைப்பேன்.

புதிய பிரதி பதினாறாம் தேதி தியேட்டருக்கு வந்தது. காட்சி நிஜமாகவே போய்விட்டதா என்று அந்த அம்மாவுக்குச் சந்தேகம், நம்பி நம்பிக் கெட்டவர் அல்லவா. இருவரும் மதியக் காட்சிக்குப் போனோம். முக்கால்வாசி நிறைந்த தியேட்டர். குழந்தை வரவேண்டிய இடம் நெருங்கியதும் அவர் என் முழங்கையைப் பிடித்தார். வரவில்லை. நாயகி மெழுகு உருக்கிக்கொண்டிருந்தாள், அடுத்த நிமிஷம் மெஷின்காரர் வாசலில் நின்றார், மேஜையை மூன்று முறை தட்டினார். ஏன் தட்டுகிறார் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அம்மா பிடியை விட்டார்.

நான் எழுந்து வந்திருப்பேன். உன் கடிதத்தில் எழுதியிருந்தாயே, ஒவ்வொருத்தனும் எப்படி, எப்படி என்று கேட்பான், படம் உதிர்ந்துவிடும் என்று. அதைப் பார்த்துவிட்டே போகலாம் என்று உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவள் குனிந்து, "எனக்கு முதல் நாளே தெரியும்" என்றாள். தியேட்டரே எழுந்து நின்றது. போன முறையைவிட அதிகமாகக் கைதட்டினார்கள் என்று சொல்லலாம். எனக்குப் பின்னால் ஒருத்தர் விசில் அடித்தார். விளக்கு போட்டதும் எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு, பாப்கார்னை மிதித்துக்கொண்டு, சந்தோஷமாக வெளியே போனார்கள்.

படிக்கட்டில் இறங்கும்போது அந்த அம்மா ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார். "அவளுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு ஒருத்தர்கூடக் கேக்கலையே?"

கேட்கவில்லை, தம்பி. ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அந்த நான்கு நிமிஷத்துக்காகத்தான் நீ அவர் வீட்டில் சாப்பிட்டாய், ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பையைப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

அக்கா